எக்ஸ்ரே அக்காவின் முதுகு

அந்த மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், முதுகுவலிக்காரர்களுக்கு ஊசி போடும் அறையில், அவள் பத்தொன்பது ஆண்டுகளாக எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்கிவந்தாள். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. நர்சுகளுக்கும் தரை துடைப்பவருக்கும் அவள் 'அசையாதக்கா'. முதுகுக்குள் ஊசி எங்கே போகிறது என்பதை அவள் படம் படமாகத் திரையில் காட்டவேண்டும். அதைப் பார்த்துத்தான் டாக்டர் ஊசியை நகர்த்துவார். "அக்கா படம் எடுத்தா நான் கண்ணை மூடிட்டே போடுவேன்" என்பார் அந்த டாக்டரம்மா. போடமாட்டார் என்பது வேறு விஷயம்.

கதிர் படாமலிருக்க அந்த அறையில் எல்லோரும் ஈய ஏப்ரன் அணிவார்கள். ஏழு கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் ஆறு மணி நேரம் நின்றால் முதுகு என்னவாகும் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. முதுகே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. ஒருநாள் காலை குனிந்து செருப்பு மாட்டும்போது வலப்பக்க இடுப்பில் சுளீரென்றது. பின்தொடை, கெண்டைக்கால் என்று இறங்கிச் சுண்டுவிரலில் போய் நின்றது. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றது ஸ்கேன்.

மாத்திரை சாப்பிட்டாள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளை முனகிக்கொண்டே செய்தாள். இரண்டு மாதமாகியும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. "அடுத்த மாசமும் நிக்க முடியலன்னா ரெக்கார்டு ரூம்ல உக்காந்து ஃபைல் பாருங்க" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்த அறையும் அந்தத் திரையும் இல்லாத நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊசி போட்டுக்கொள்ள மட்டும் மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஊசிக்குப் பிறகு கைத்தடியை மறந்துவிட்டுப் போனவர்களையும் அவளுக்குத் தெரியும்; மூன்றே வாரத்தில் அதே முகத்தோடு திரும்பி வந்தவர்களையும் தெரியும்.

"அதுவும் பலிக்கலன்னா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

"கடையைத் திறக்காமலே வியாபாரம் ஆகலன்னு அழறியே" என்றார் கணவர். கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்ப் படுத்தாள்.

தன் மேஜையில் தானே குப்புறப் படுப்பது என்னவோபோல் இருந்தது. அவள் இடத்தில் கீழ்த்தளத்து எக்ஸ்ரேகாரர் நின்றார். மீசை என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். தோலை மரக்கச் செய்து டாக்டர் ஊசியைச் செலுத்தினார். இயந்திரம் திரும்பும் சத்தம் அவள் காதில் விழுந்தது. கோணம் போதவில்லை! அடுத்த கணம் முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கித் திரையைப் பார்த்துவிட்டாள்.

"மீசை, இன்னும் அஞ்சு டிகிரி சாய்க்கணும்!"

டாக்டர் சட்டென்று ஊசியை வெளியே எடுத்தார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அக்கா, ஊசி நரம்புக்குப் பக்கத்துல இருந்துச்சு. இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா நான் போடமாட்டேன்."

எத்தனை பேரை அதட்டிய வாய்! அவளுக்கு மானமே போய்விட்டது.

"மன்னிச்சிருங்க டாக்டர். இனிமே வாயே திறக்கமாட்டேன்."

"அம்மா தாயே, அஞ்சு டிகிரி சாய்ச்சாச்சு. படுங்க" என்ற மீசை, படுத்தபடியே தெரியும்படி திரையைத் திருப்பியும் வைத்தார்.

அங்கே இருந்தது அவளுடைய முதுகு. ஆயிரக்கணக்கான முதுகெலும்புகளைப் பார்த்த கண், தன்னுடையதை அப்படி இதுவரை பார்த்ததில்லை. தலைமுடிபோல் ஒரு கோடாக ஊசி இறங்கி, எலும்புகளின் இடைவெளியில் நின்றது. இடம் சரிதானா என்று பார்க்க டாக்டர் சாயமருந்தைச் செலுத்தினார். திரையில் கருப்பாக ஒரு இழை கிளம்பி, நரம்பை ஒட்டி மெல்லக் கீழே வழிந்தது. அதே நொடியில் அவள் தொடைக்குள்ளும் ஏதோ ஒன்று அதே வழியில் அழுத்திக்கொண்டு இறங்கியது. திரையில் ஓடுவதும் காலில் ஓடுவதும் ஒன்றுதான்! பத்தொன்பது ஆண்டுகள் வெறும் படமாகப் பார்த்ததற்கு உள்ளே உயிருள்ள ஒரு மனிதர் இருந்திருக்கிறார், ஒவ்வொரு முறையும். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனித உடம்புக்குள் இவ்வளவு மெல்லிய வழி ஒன்று இருப்பதும், வெளியிலிருந்து ஒரு கை அதைக் கண்டுபிடிப்பதும் அவளுக்கு அன்றுதான் அதிசயமாகப் பட்டது.

எழுந்து நின்றபோது வலியே இல்லை. அவள் ஏமாறவில்லை. அது ஊசி மருந்தில் கலந்திருந்த மரப்பு மருந்தின் வேலை. மாலையில் வலி திரும்பி வந்தது. மறுநாள் இன்னும் கூடியது. ஊசியில் உள்ள, வீக்கத்தைக் குறைக்கும் மருந்து வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நம்பத்தான் முடியவில்லை. ஐந்தாம் நாள், ரெக்கார்டு ரூமில் ஜன்னல் உண்டா என்று கணவரிடம் கேட்டாள்.

ஆறாம் நாள் காலை வாசல் கேட்டருகே பக்கத்து வீட்டம்மாள் பிடித்துக்கொண்டாள். மருமகன் புராணம். அதைத் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒருவழியாக முடித்துக்கொண்டு அவள் நகர்ந்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. அத்தனை நேரமும் நின்றிருக்கிறாள்! மூச்சுவிடவே பயந்து அப்படியே இருந்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். கால்விரல்களை ஊன்றி எம்பிப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள்.

"வலி எப்படி இருக்கு அக்கா?"

"தேடிப் பாத்துட்டேன் டாக்டர். காணோம்."

மறுமுனையில் டாக்டர் சிரித்தார். "எத்தனை மாசம் தாங்கும்னு சொல்ல முடியாது. பயிற்சியை விட்டுடாதீங்க. பாரம் இடுப்புல நிக்கிற மாதிரி ரெண்டு துண்டு ஏப்ரன் சொல்லிடறேன். திங்கக்கிழமை வந்துருங்க. மீசை எடுக்கற படத்தை வச்சுகிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

கேட்டைப் பிடித்தபடி அவள் விம்மினாள். பக்கத்து வீட்டம்மாள் என்னவோ ஏதோ என்று திரும்பி ஓடிவந்தாள்.

"என்னம்மா ஆச்சு? உக்காரு, உக்காரு!"

"மாட்டேன்" என்றாள். நின்றுகொண்டே அழுதாள்.