நடுத்தளத்துப் பயணிகள்

ஓசூரில் ஒரு கைக்கடிகாரத் தொழிற்சாலையில் என் மனைவி வேலை பார்த்தாள். நான் அவ்வூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியன். எண்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாதத்தில், போர்ட் பிளேரிலிருந்து அவளுடைய அக்காளின் கடிதம் வந்தது. மணமான பதினோராம் ஆண்டில் அக்காள் கருவுற்றிருந்தார். பெற்ற தாய் இல்லை. கணவரோ வனத்துறைப் பணியில் மாதத்தில் பாதி நாள் தீவு தீவாகச் சுற்றுபவர். "பிரசவத்தின்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை" என்று எழுதியிருந்தார். மருத்துவர் குறித்திருந்த நாளுக்கு ஐந்து வாரமே இருந்தது.

விமானம் எங்களுக்கு எட்டாதது. கப்பலிலோ நான்காம் வாரத்தில்தான் இடம் கிடைத்தது. அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் போவதற்குள் இரண்டு முறை சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுபவள் என் மனைவி. மூன்று நாளுக்கு மேல் கடலில் கிடந்து துவண்டு இறங்கினால், அக்காளுக்கு யார் துணை?

தொழிற்சாலையில் விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் போய்வந்தவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். உணவு இடைவேளையில் அவர்கள் சொன்ன யோசனைகளை மனைவி மாலையில் வந்து என்னிடம் ஒப்பிப்பாள்.

"எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே இருக்கணுமாம். இன்னொருத்தி, வயித்தக் காயப் போட்டுடு, உள்ள ஒண்ணும் இல்லேன்னா எது வெளிய வரும்ங்கறா."

கன்னடம் பேசும் தோழி ஒருத்தி மட்டும், "ஏனூ ஆகல்ல, ஹோகி பா" என்று, ஒன்றும் ஆகாது போய் வா என அனுப்பிவைத்தாளாம். ஆனால் ஒரு யோசனையில் எல்லாரும் ஒன்றுபட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நாள் முழுதும் கடுகளவுச் சக்கரங்களைக் கோத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். வேலையில் தலை சுற்றினால், சக்கரத்தின் ஒரே ஒரு பல்லின்மேல் பார்வையை நிறுத்தி மெல்ல மூச்சு விடுவது அவர்களுடைய வழக்கம். சற்று நேரத்தில் தலை நின்றுவிடும். கடலிலும் அதையே செய்யச் சொன்னார்கள். சக்கரத்துக்குப் பதில், கைக்கடிகாரத்தின் நொடிமுள். எனக்கும் அது அறிவுக்குப் பொருந்துவதாகவே பட்டது.

சென்னைத் துறைமுகத்து வரிசையில், எங்கள் பேச்சைக் கேட்டு ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். "நம்ம பக்கமா?" என்று விசாரித்தார். கிருஷ்ணகிரியை அடுத்த காவேரிப்பட்டினத்தில் புளி வியாபாரம் செய்பவர், ஐம்பது வயதிருக்கும். போர்ட் பிளேரில் தம்பியின் மளிகைக் கடைக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை சரக்கோடு போய்வருகிறவர். கப்பலேறியதும் அவர் எங்கோ மறைந்துவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில், அடுக்குப் படுக்கைகள் நிறைந்த ஒரு கூடம். புது வண்ணப்பூச்சும் டீசலும் கலந்த வாடை. கடல் அடங்கியிருக்கும் மாதம் என்றார்கள். கரை மறைந்த பிறகு எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. காலையிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டிருந்த மனைவி ஒருக்களித்துப் படுத்து, மணிக்கட்டைக் கண்ணுக்கு அருகில் வைத்து நொடிமுள்ளைப் பார்க்கத் தொடங்கினாள். பார்வை விலகும்போதெல்லாம், "விடாதே, பார்த்துக்கொண்டே இரு" என்று நான் ஊக்கினேன்.

மறுநாள் காலையில் அவள் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. கப்பல் மருத்துவர் கொடுத்த மாத்திரை, அவர் படியேறுவதற்குள் வெளியே வந்துவிட்டது. அவர் திரும்பி வந்து நாடி பார்த்தார். "இப்படியே போனா, இறங்கின உடனே ஆஸ்பத்திரியில சேக்க வேண்டியதுதான்" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி, கண்ணைத் திறவாமல். "நானும் அக்காவும் ஒரே வார்டுல படுத்துக்கறோம்."

சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் சொல்லி முடித்ததும் அழுதாள்.

தம் பையை எடுக்கக் கீழே வந்த புளிக்கார அம்மாள் அப்போதுதான் எங்களைக் கண்டார்.

"என்னா கண்ணு, கடியாரத்துல என்னா தெரியுது?"

"இதப் பாத்தா தலை நிக்கும்னாங்க."

"யாரு சொன்னது?"

"ஃபேக்டரில."

"உங்க ஃபேக்டரி ஆடுமா?"

அம்மாள் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, நீங்களும் பக்கத்துல உக்காந்து எண்ணிக்கிட்டு இருக்கீங்களா? கழட்டுங்க அத. எழுப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க மேல."

மேலே, கப்பலின் நடுப்பகுதியில், காற்றுப்படும் ஓரமாக ஏழெட்டுப் பேர் பாய் விரித்திருந்தார்கள். அடிக்கடி போய்வரும் பயணிகள் அவர்கள். கீழே படுக்கை இருந்தும் எவரும் அங்கே தங்குவதில்லை. கப்பலின் இரு முனைகளும் ஏறி இறங்கும். நடுவிடமோ தராசின் முள் நிற்கும் இடம்போலக் குறைவாகவே அசையும். அவர்களுள் மர அறுவை ஆலைத் தச்சர் ஒருவர் இருந்தார். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றித் தரையில் அங்குமிங்கும் வைத்துப் பார்த்து, நீர் குறைவாகத் தளும்பும் இடத்தில்தான் அவர் தம் பாயை விரிப்பாராம். என் மனைவியைக் கண்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து, அந்த இடத்தை அவளுக்கு விட்டார்.

"கிட்டத்துல எதையும் பாக்காத. கடலும் வானமும் ஒட்டுற எடம் இருக்குதில்ல, அது ஆடாது. அதப் பாரு" என்றார் அம்மாள்.

"எவ்ளோ நேரம் வெறும் கோட்டையே பாக்கறது?"

"கட்டின புருசன எத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருக்க? அதுக்கு இது மேலு."

தச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மனைவியும் சிரித்தாள், முந்திய நாள் முதல் நான் காணாத சிரிப்பு.

வயிற்றைக் காயப்போட்டதைக் கேட்டு அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். புளியும் வெல்லமும் சுக்கும் சேர்த்து இடித்த சிறு உருண்டை ஒன்றை அவள் நாக்கின் அடியில் வைத்தார். அது கரைந்ததும் காய்ந்த ரொட்டியில் கால் துண்டு. அரை மணி கழித்து மறுபடி கால் துண்டு. தண்ணீர் ஒரு வாய்க்கு மேல் கூடாது. மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகும் வேளையில் குளிக்கப் போனால் குழாயில் நல்ல தண்ணீர் வரும். சமையற்கட்டின் புகைபோக்கி இருக்கும் பக்கம் உட்காரக் கூடாது. தூக்கம் வந்தால் கப்பலின் நீளவாட்டில் படுக்க வேண்டும். தொழிற்சாலையில் கேட்ட யோசனைகளைச் சொன்னவர்கள் ஒரே ஒரு முறை கடலைக் கடந்தவர்கள். இவர்களோ பலமுறை கடந்து, ஒவ்வொரு முறையும் உற்று நோக்கி, தேவையற்றதைத் தள்ளித் தேறியதை மட்டும் வைத்திருந்தார்கள். நன்கு திருத்தப்பட்ட உரைநடையில் காணும் சிக்கனம் அவர்கள் பேச்சில் இருந்தது.

"மொதத் தடவ நானும் இப்படித்தான் கெடந்தேன்" என்றார் அம்மாள். "ஒரு பொம்பள வந்து தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்து இங்க உக்கார வெச்சா. ஊரு பேரு எதுவும் கேக்கல."

அன்று மாலைக்குள் அரை ரொட்டி தங்கியது. மூன்றாம் நாள் மனைவி தானே எழுந்து நடந்தாள். தண்ணீரிலிருந்து சிறகு விரித்துத் தாவும் மீன்களை எனக்குக் காட்டினாள். நான்காம் நாள் காலையில், தீவுகள் கரும்பச்சையாகத் தெரிந்தபோது, உணவுக்கூடத்தில் தன் பங்கு உப்புமாவை உண்டுவிட்டு என் தட்டையும் பார்த்தாள்.

துறைமுகத்தில் அக்காளின் கணவர் நின்றிருந்தார். விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டதாகச் சொன்னார். மூட்டைகளோடு நேரே மருத்துவமனைக்குப் போனோம். பிரசவ அறையின் வாசலில் செவிலி மறித்தார்.

"ஒருத்தர்தான் கூட இருக்கலாம். யாரு இருக்கறது?"

"நான்" என்றாள் மனைவி.

"உன்னால் முடியுமா?" என்று கேட்டேன்.

"தரை கொஞ்சம் ஆடுதுங்க. அவ்ளோதான்."

புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தொட்டபடியே நடந்து உள்ளே போனாள். சிறிது நேரத்தில் அக்காள் விம்மி அழும் குரல் கேட்டது. அதை அடுத்து, "அழாத, மூச்ச இழுத்து விடு" என்று அவரை அதட்டும் என் மனைவியின் குரல், கதவைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்தது.