பூநாரைகளுக்கு எண்ணத் தெரியாது

கனடாவிலிருந்து என் சிநேகிதி யோகா கேட்டது ஒன்றுதான்: வல்லை வெளிப் பூநாரைகளின் படம். பல வருடங்களாகத் தை பிறந்தால் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போவோம். போன ஆவணியில் அவள் குடாநாட்டை விட்டு வெளியேறக் கிளாலியில் படகேறிவிட்டாள். 1994 தையில் முதல் தடவையாகத் தனியே புறப்பட்டேன். கமராவில் ஆறு படத்துக்குத்தான் பிலிம் மிச்சம். பொருளாதாரத் தடைக்குள் வேறு பிலிம் யாழ்ப்பாணத்தில் இப்போது எங்கே கிடைக்கும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து விடிய ஐந்து மணிக்குச் சைக்கிளில். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாக ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். ஆவரங்காலில் இறங்கி ஒரு பிளேன்ரீ குடித்தேன். வாடைக்காற்று முகத்தில் அடித்ததால் வல்லைக்குப் போய்ச் சேர ஏழேகாலாகிவிட்டது.

பாலத்தடியில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நீரேரிக் கரையால் நடந்தேன். புல் நுனிகளில் சிவப்புத் தும்பிகள், எல்லாமே காற்றைப் பார்த்தபடி. பனியில் நனைந்து பறக்க முடியாமல் ஒன்று இருந்தது. "இங்கை பார்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது உறைத்தது. தும்பிக்கு இரண்டு படம், பவளக்காலிப் பறவைக்கு இரண்டு. மிச்சம் இரண்டையும் பூநாரைக்கென்று வைத்துக்கொண்டேன்.

அங்கே மறைவதற்கு இருப்பது ஒரேயொரு தாழம்பத்தை. எங்களுடைய வழக்கம் இது: இருவரும் பத்தைக்குப் போவோம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எழுந்து திரும்பிப் போய்விடுவார். பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டது என்று நம்பிக் கிட்ட வரும். எப்போதும் நடந்து போவது யோகா, கமராவோடு இருப்பது நான்.

இம்முறை போக ஆளில்லை. நான் பத்தைக்குள் இருப்பது தெரிந்து, பூநாரைகள் ஒரு மணித்தியாலமாகத் தூரத்திலேயே நின்றன.

வீச்சுவலையைத் தோளில் போட்டபடி ஒருவர் வந்தார். தொண்டைமானாற்று ஆள், வருடாவருடம் எங்களை அங்கே கண்டவர்.

"என்ன ரீச்சர், ஆருக்குப் பயந்து ஒளிச்சிருக்கிறியள்?"

"எனக்கொரு பயமுமில்லை அண்ணை. உதுகள்தான் எனக்குப் பயப்பிடுதுகள்."

விளக்கிச் சொல்லி, என்னோடு கொஞ்சம் இருந்துவிட்டுப் போகமுடியுமா என்று கேட்டேன்.

"போறதுக்காக வாறதோ? நல்ல கதை!" என்று சிரித்தார். "எண்ணத் தெரியாதோ உதுகளுக்கு? என்ரை மனுசி உப்பிடி இருந்தால் நான் நல்லா இருந்திருப்பன். அவ மீனையும் எண்ணுவா, நான் குடிச்ச கள்ளையும் எண்ணுவா."

வந்தார், குந்தியிருந்தார், ஒரு சுருட்டு முடிகிறவரைக்கும் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு எழுந்தார்.

"திரும்பிப் பாக்காமல் போங்கோ அண்ணை. பாத்தால் உதுகளுக்கு விளங்கிவிடும்."

"ஓம், ஓம். தனிய இருந்திடுவியளோ?"

"இருப்பன்."

அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அந்த முதுகு சிறுத்துப் பாலத்தடியில் மறைந்தபோது பூநாரைகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன, இருபதடிக்குள். இரண்டு படத்தையும் எடுத்தேன். பிலிம் முடிந்த பிறகும் எழும்ப மனம் வரவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நம்பித்தான் அவை அவ்வளவு கிட்ட நின்றன.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்கு முன் போய்ச் சேருங்கள், பிறகு வெயில் கண்ணைக் குத்தும். தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே எல்லாம் உப்பு. கமராவைத் துணியில் சுற்றி வையுங்கள். இருவராகப் போனால், யார் இருப்பது, யார் நடந்து போவது என்று ஒவ்வொரு முறையும் மாறி மாறிச் செய்யுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. இருப்பவருக்குத்தான் படம் கிடைக்கும். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவரும் அவர்தான்.