தீயில் போட்ட சாம்பல் கல்

போன மாதம் ஒரு கல்லை நெருப்பில் போட்டுவிட்டு, அதன் எதிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தேகப் பிராணிகளுக்கு இப்படியெல்லாம் வேலை வரும்.

இடம் கச்சிராயபாளையம். என் மனைவியின் அண்ணன் குணசேகரன் அங்கே கரும்பு போட்டு, சொந்தமாக வெல்லமும் காய்ச்சுகிறார். போன சீசனில், அடுப்புக்குப் பக்கத்தில் குவித்திருந்த கரும்புச் சக்கையில் தீப்பிடித்துவிட்டது. அணைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த செங்கல் சுவர் சரிந்து, அடுப்பு எரிக்கும் பச்சையம்மாளின் கால்மேல் விழுந்தது. எலும்பு முறிவு. நான்கு மாதம் படுக்கை — கூலி வேலையை மட்டுமே நம்பியிருப்பவர்.

"செங்கல்லு மட்டம் மாப்ள. இந்தத் தடவ வேற கல்லு" என்றார் மச்சான்.

அந்த வேறு கல்லின் பெயர் ஜியோபாலிமர். அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏதோ ரசாயனக் கரைசலில் பிசைந்து அச்சில் வார்க்கிறார்கள். சூளையும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. ஆனால் நெருப்பைத் தாங்குமாம்.

எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. எரிந்து முடிந்ததுதானே சாம்பல்? அதையே மறுபடி நெருப்புக்கு எதிரில் நிறுத்தினால்... நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தியாகதுருகத்தில் சின்னப் பட்டறை வைத்து இந்தக் கல்லைச் செய்யும் ரேவதி, மினி லாரியில் ஒரு லோடு கொண்டுவந்திருந்தார். கையில் தனியாக ஒரு சாம்பிள். காட்டுவதற்கென்றே ஒன்றை ஸ்பெஷலாகச் செய்து வைத்திருப்பார்கள் — எனக்குத் தெரியாதா?

"அது வேணாம்மா. அடியில இருந்து நான் எடுக்கறேன்."

"எடுங்க சார்" என்றார் சாதாரணமாக. அந்தச் சாதாரணமும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் எடுத்த கல்லையும், ஒரு சிமென்ட் கல்லையும் அடுப்புக்குள் தள்ளினோம். இரண்டு கொப்பரை பாகு இறங்கும்வரை தீ எரிந்தது. மறுநாள் ஆறிய பிறகு வெளியே எடுத்தால், சிமென்ட் கல் ஓரம் ஓரமாகப் பொரிந்து, கை பட்டதும் உதிர்ந்தது. சாம்பல் கல் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே முடி கனத்தில் விரிசல்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தேன். ணங்கென்றது, உடையவில்லை.

"சிமென்ட்டுக்குள்ள இருக்கற தண்ணி சூட்டுல போயிடுங்க, அப்பறம் புடிப்பு வுட்டுடும். இதுல புடிப்பே வேறங்க. ஆனா விரிசல் வரும். அத நான் மறைக்கல" என்றார் ரேவதி.

குறையை அவரே சொல்கிறாரே... இதுவும் வியாபாரத் தந்திரமோ?

அதுவரை சக்கை அள்ளிக்கொண்டிருந்த பச்சையம்மாள், லேசாகக் காலை இழுத்தபடி வந்து கல்லைப் புரட்டிப் பார்த்தார்.

"கல்லு நிக்கும், சரி. ரெண்டு கல்லுக்கு நடுவுல இன்னா வெப்பீங்க?"

ரேவதி அவர் பக்கம் திரும்பினார். "சிமென்ட்டு கலவதாங்க... எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க."

"அன்னிக்கி வுழுந்த செங்கல்லு முழுசாத்தான் கெடந்துச்சு. நடுவுல இருந்த கலவதான் மாவாட்டம் கொட்டுச்சு. கால் மாட்டிக்கினு கெடந்தேன் இல்ல, பாத்துக்கினே இருந்தேன்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாகச் செங்கல்லைத் திட்டியவர் அவர். அந்த ஒரு வருஷத்தில் இந்த அம்மாளிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். புதிதாக வந்ததை மட்டும் சந்தேகப்படுவது எவ்வளவு சுலபம்... பழகிப்போன சிமென்ட்டை யார் முறைத்துப் பார்க்கிறார்கள்?

"இத நான் யோசிக்கலைங்க. கட்டிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரேவதி கிளம்பினார். இனி வரமாட்டார் என்று மச்சானிடம் அடித்துச் சொன்னேன். நான்காம் நாள் வந்துவிட்டார் — அதே சாம்பல் கலவையால் ஒட்டிய இரண்டு கற்களோடு. அதுவும் அடுப்புக்குள் போனது. ஆறியதும் பச்சையம்மாளே கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். இரண்டு முறை. கல்லின் ஓரம்தான் பெயர்ந்தது, ஒட்டு விடவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. நேற்று போயிருந்தேன். பச்சையம்மாள் அடுப்பு எரித்துக்கொண்டிருந்தார், சுவரிலிருந்து ஓர் ஆள் நீளம் தள்ளி.

"இன்னும் நம்பிக்கை வரலியா?" என்றேன்.

"நம்பறேங்க. தள்ளி குந்திக்கினு நம்பறேன்."