காப்புக் கட்டிய கையில் நான் பார்க்காத நாடி

மருதமலையில் நின்றருளும் வேலவனே, என் சொல்லில் பொய் கலவாமல் காத்தருள்க. பங்குனி உத்திர நன்னாளாகிய இன்று, இருதய நோய்ப் பிரிவில் புதிதாகச் சேரும் மருத்துவர்களுக்காக இதனை எழுதுகிறேன்.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தென்னை விவசாயி பழனிச்சாமியை, அவர் மனைவி சரஸ்வதி ஒரு முற்பகலில் கோவையில் என்னிடம் அழைத்து வந்தார். இரத்தக் கொதிப்புக்கு என்னிடம் மருந்து வாங்குபவர். பாதி நாள் மாத்திரையை விட்டுவிடுபவர்.

"என்ன பண்ணுதுங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். நெஞ்சுல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் கிழிச்சாப்பல போச்சுங்க. வாயுவா இருக்கும். இவதான் இழுத்துட்டு வந்துபோட்டா."

"வாயுவுக்கு இப்பிடி வேர்க்குமுங்களா? பனியனைப் புழிஞ்சா ஒரு சொம்பு வருமுங்க" என்றார் சரஸ்வதி.

பழனிச்சாமியின் வலது மணிக்கட்டில் மாரியம்மன் நோன்புக்குக் கட்டிய மஞ்சள் காப்பு இருந்தது. காப்புக் கட்டியவர் நோன்பு முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

"காப்புக் கைங்க. எல்லை தாண்டுனதே தப்பு. இதுல பாருங்க" என்று இடது கையை நீட்டினார்.

நானும் நோன்பிருப்பவன். அம்மனுக்குரிய கை என்று எண்ணி விட்டுவிட்டேன். செவிலியரிடமும் "அந்தக் கை வேண்டாம்மா" என்றேன். இடது கையில் பிரஷர் மிக அதிகம். இ.சி.ஜி.யில் மாரடைப்புக்குரிய மாற்றம் சிறிது தென்பட்டது. ஆஸ்பிரின் கொடுத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் போடச் செய்தேன்.

ஒரு மணி நேரமாகியும் வலி அடங்கவில்லை. சி.டி. ஆஞ்சியோ எடுத்தோம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே இரத்தம் புகுந்திருந்தது. டிசெக்‌ஷன். வலது கைக்குப் போகும் கிளையும் அடைபட்டிருந்தது. அப்போதுதான் அந்தக் கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது, நாடி இல்லை.

உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள். இரத்தம் உறைந்தாக வேண்டிய நேரத்தில், உறையாதிருக்க நானே மருந்து கொடுத்திருந்தேன். கசிவை நிறுத்த முடியவில்லை. அவர் மேசையிலேயே காலமானார்.

காரியம் முடிந்தபின் சரஸ்வதி தனியாக என்னைப் பார்க்க வந்தார்.

"காப்புக் கட்டுனவரை எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போயி நாந்தான் கொன்னுபோட்டேன்னு ஊரே பேசுதுங்க. அப்படியுங்களா? நீங்க சாமி கும்புடறவரு. நீங்க சொன்னா நம்பிக்கறேன்."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் என் பிழையை அவர் ஆயுள் முழுதும் சுமந்திருப்பார்.

"இல்லைங்க அம்மணி. நீங்க நேரத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்க. அந்தக் கையைத் தொட்டிருந்தா எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கும். காப்பை அவுக்கக்கூட வேண்டியதில்லை. தொடாதது என் தப்பு. அதுக்கு மேல தப்பான ஊசியும் போட்டேன்."

பிறகு, "இதை எங்க ஊருல வந்து சொல்லுவீங்களா?" என்றார்.

மறுநாள் சென்றேன். உறவினர் அனைவரின் முன்னும் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. "மோரு குடிங்க டாக்டர்" என்று டம்ளரை நீட்டினார்கள். அதை வாங்கிக் குடிப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

நெஞ்சு வலி முதுகுக்குப் பாய்ந்தால் இரு கைகளிலும் நாடி பாருங்கள். பிரஷரையும் இரு கைகளிலும் அளந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஹெப்பாரினை நிறுத்தி வைத்து, முதலில் சி.டி.க்கு அனுப்புங்கள். என்னைத் தடுத்தது அம்மன் அல்ல, என் கூச்சம்.

இதைப் படிப்போர் யாவரும் நோயற்று நெடிது வாழ்க. உங்களை நம்பி வருவோர் நலமாய் வீடு திரும்புக.