டாக்டர்கிட்ட மறைச்ச அமுக்கராப் பொடி

போன வருஷம் ஆடி மாசம், காஞ்சிபுரத்துல ஒரு ஆஸ்பத்திரியில நடந்தது இது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பா எழுதியிருந்தா பொறுத்துக்குங்க.

தறியில நீளவாக்குல ஓடற நூல், அதான் பாவு, ஒண்ணு முடிஞ்சா, பழைய பாவோட நுனியில புதுப் பாவைச் சேத்து, இழை இழையா விரலால முறுக்கிப் பிணைக்கணும். ஆயிரக்கணக்குல இழை இருக்கும். எங்க தெருவுல அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. நாலு பேர் நடுவுல எனக்குப் பேச வராது. கைவேலை மட்டும்தான் வரும்.

தைராய்டு கம்மின்னு அஞ்சு வருஷமா மாத்திரை போடறேன். உடம்பு அசதியா இருக்குதேன்னு, யாரோ சொன்னதைக் கேட்டு நாட்டு மருந்துக் கடையில அமுக்கராப் பொடி, அதான் அஸ்வகந்தா, வாங்கினேன். கடைக்காரர் பொட்டலம் மடிச்சுக்கினே, "வீட்ல ஐயாவுக்காம்மா?"ன்னு சிரிச்சாரு. ஆம்பளைங்க எதுக்கு அதை வாங்குவாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது. தலையைக் குனிஞ்சுக்கினு வந்துட்டேன். யாருக்கும் தெரியாம தினமும் பால்ல ஒரு ஸ்பூன் போட்டுக் குடிச்சேன்.

ரெண்டு மாசத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சுது. வேர்த்துக் கொட்டுச்சு. கை நடுங்கி, பிணைக்க எடுத்த பட்டு இழையெல்லாம் அறுந்துது. தறிக்காரர் அடுத்த பாவுக்கு வேற ஒருத்தியைக் கூப்பிட்டுக்கினாரு. இனிமே இந்தக் கை அவ்வளவுதானான்னு பயந்துட்டேன். சத்து பத்தலன்னு நெனச்சு, ரெண்டு ஸ்பூனா ஆக்கினேன்!

மருமக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனா. ரத்தம் எடுத்துப் பாத்ததுல தைராய்டு ரொம்ப ஏறியிருந்துச்சு. "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாம்மா?"ன்னு டாக்டர் கேட்டாரு. சின்ன வயசுக்காரர். பக்கத்துல மருமக நிக்கறா. எப்படிச் சொல்றது? இல்லன்னு தலையாட்டிட்டேன். சென்னையில பெரிய டாக்டருக்கு லெட்டர் எழுதித் தரேன், வெளிய உக்காருங்கன்னாரு. மருமக காபி வாங்கப் போனா.

பெஞ்சுல பூக்கூடையோட ஒரு அம்மா. என் கையையே பாத்துக்கினு இருந்தாங்க.

"என்னாம்மா, இந்த ஆட்டம் ஆடுது?"

"தைராய்டு."

"எனக்கும்தான் தைராய்டு. எனக்கு ஆடலியே! நெசத்த சொல்லு, வேற என்னா துன்ற?"

முன்பின் தெரியாதவங்கதானேன்னு மெதுவா சொல்லிட்டேன். அவங்க சிரிச்ச சிரிப்புல வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு.

"இதுக்கா மூடி மறைச்ச? உன் வெக்கத்தைக் கொண்டுபோய்ப் பாலாத்துல போடு. எழுந்திரு!"

என் கையைப் பிடிச்சு நேரா உள்ள இழுத்துக்கினு போயிட்டாங்க. "டாக்டரே, இந்தம்மா அமுக்கரா துன்னுதாம்."

டாக்டர் சிரிக்கல. எழுதிக்கினு இருந்த பேனாவை வச்சுட்டாரு. அந்தப் பொடி சிலருக்குத் தைராய்டை ஏத்திவிடும், மாத்திரையும் சேந்ததால இப்படி ஆகியிருக்கலாம்னு பொறுமையா சொன்னாரு. பொடியை நிறுத்தச் சொன்னாரு. மாத்திரை அளவை நானே பாத்துக்கறேன், நீங்களா குறைக்காதீங்க, ஆறு வாரம் கழிச்சு மறுபடியும் ரத்தம் பாக்கலாம்னாரு.

வெளிய வந்தா அந்தம்மா இல்ல. பேர்கூடக் கேக்கல.

ஆறு வாரத்துல பாதி இறங்குச்சு. கார்த்திகைக்குள்ள சரியாயிடுச்சு. அதே தறிக்காரர் வாசல்ல வந்து நின்னு, "ஆயா, பாவு வந்திருக்குது, வரியா?"ன்னாரு. அன்னிக்கு ஒரு இழைகூட அறுந்து போகல.

இப்பவும் டாக்டர் முன்னாடி உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். இருந்தாலும் கஷாயம் குடிச்சதைக்கூட மறைக்காம சொல்லிடறேன். அந்தம்மா அன்னிக்கு என்னை இழுத்துக்கினு போன நாலடி தூரத்தை இப்ப நானே நடக்கறேன்.