எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நடந்த தேர்தல்

நான் முதன்முதலாக ஓட்டுப் போட்டது பதின்மூன்று வயதில். அந்த ஓட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பட்டாபிராமில் நான் படித்த பள்ளியில் சித்திதான் சமூக அறிவியல் ஆசிரியை. அம்மாவின் தங்கை, சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாள். கால அட்டவணையில் வாரத்துக்கு ஐந்து பீரியட் அவளுக்கு. அதில் மூன்றைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொள்வார். போர்ஷன் முடியவில்லை என்று அவர் வாசலில் வந்து நின்றால், சித்தி புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவாள். பாடத்தில் வணிகம் செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் கப்பலிலேயே நின்றார்கள். ஆய்வு வருகிற வாரம் மட்டும் நாங்கள் கைடைப் பார்த்து எழுதி, பழைய தேதி போட்டு, ஒரே மூச்சில் அவர்களுக்கு நாட்டைக் கொடுத்துத் திரும்பவும் வாங்கிவிடுவோம்.

பிறகு மிச்சமிருந்த இரண்டு பீரியடும் நுழைவுத் தேர்வுக்கான கணக்குப் பயிற்சிக்குப் போகப் போவதாகப் பேச்சு வந்தது. போனால் சித்தியை எல்.கே.ஜி.க்கு மாற்றிவிடுவார்கள் என்று அம்மா கவலைப்பட்டாள். அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என்னைக் காட்டி, "எந்த ராஜா எப்போ செத்தா இவளுக்கு இன்னா? கணக்கு வந்தாத்தான் பொழச்சிக்கும்" என்றார்.

தலைமையாசிரியரோ, பிள்ளைகளே கணக்குத்தான் கேட்கிறார்கள் என்றாராம். அப்படியானால் பிள்ளைகளையே கேட்டுவிடலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றிருக்கிறார்.

ரகசிய வாக்கெடுப்பு என்கிற பாடத்துக்கு நாங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அந்த வெள்ளிக்கிழமை சித்தியே எல்லாவற்றையும் விளக்கினாள். துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் 'கணக்கு' அல்லது 'சமூகம்' என்று எழுதி, மடித்து, சாக்பீஸ் டப்பாவில் போட வேண்டும்.

எங்கள் வகுப்பில் கணக்கு யாருக்குமே பிடிக்காது. ஆகவே சித்தி ஜெயித்துவிடுவாள், என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். அப்பா கேட்டால் பொய் சொல்லாமல் தப்பிக்கலாமே என்று 'கணக்கு' என்று எழுதி நாலாக மடித்துப் போட்டேன். மற்ற பிள்ளைகளுக்கும் வீட்டில் அப்பாக்கள் இருந்தார்கள்.

சித்தி ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துப் படித்து, கரும்பலகையில் கோடு போட்டாள். நாற்பத்தொரு பேரில் சமூகத்துக்கு மூன்று. முடிவை அறிவித்து, எங்களுக்கு நன்றியும் சொல்லிவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தியதும், "சித்தி, நான் உனக்குத்தான் போட்டேன்" என்றேன்.

அவள் திரும்பவில்லை.

"யாருக்குப் போட்டன்னு யாராண்டயும் சொல்லக் கூடாதுடி. என்னாண்டயும் சொல்லாத. அதுக்குத்தான் பேரு போடாம எழுதச் சொன்னேன்."

நல்லவேளை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் நிம்மதியாக இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மூன்று வருடமாக என் நோட்டைத் திருத்தியவளுக்கு என் கையெழுத்து தெரியாமலா இருக்கும்? இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியபோது இருபத்தைந்து வயதாகியிருந்தது. சித்தி அப்போதும் எல்.கே.ஜி.யில்தான் இருந்தாள்.