பஞ்சு அடைத்த ஓட்டை

நேற்று என் போன், பல நாளாகத் தொடாத செயலிகளை நீக்கிவிடட்டுமா என்று பவ்யமாகக் கேட்டது. பதறிப்போய் வேண்டாம் என்று அழுத்தினேன். இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே பட்டவன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று பேர் பண்ணிக்கொண்டு மொபெட்டில் திருப்பூரைச் சுற்றிய காலம். அவிநாசி ரோட்டில் எம்பிராய்டரி பட்டறை வைத்திருந்த சரசக்கா கூப்பிட்டுவிட்டார். அங்கிருந்த கம்ப்யூட்டர் ஒரு பூ டிசைனைத் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். இதை ஓட்டுகிற லினக்ஸின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று உண்டு, உலகத்திலுள்ள அத்தனை கருவியையும் இயக்குகிற டிரைவர்களை அது சுமக்கிறது, வேண்டாததை எடுத்தால் பறக்கும் என்று அளந்துவிட்டேன்.

எது வேண்டாதது என்று அக்காவே கண்டுபிடித்தார். பனியன் ஊரில் நாலு நாள் தொடாத எதிலும் பஞ்சு அடைந்துவிடும். கம்ப்யூட்டர் பெட்டியின் ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பஞ்சு அடஞ்சு கெடக்குது பாருங்க தம்பி. யாரு தொட்டா? தூக்கிப்போடுங்க."

பிரிண்டர், ஸ்பீக்கர், நெட்வொர்க், யுஎஸ்பி டிரைவர்கள் எல்லாம் போயின. முன்பக்கம் ஃபிளாப்பி வாயிலும் கம்பளி கணக்காகப் பஞ்சு, அதுவும் போனது. இடத்தை அடைக்கிறது என்று பழைய கெர்னலையும் அழிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் பறந்தது. நானும் கொஞ்சம் பறந்தேன்.

மத்தியானம் ஆபரேட்டர் மாரியப்பன் ஃபிளாப்பியோடு வந்தான். எம்பிராய்டரி மிஷினுக்கு டிசைன் அதில்தான் போக வேண்டுமாம். ஃபிளாப்பி வாயை மூடி, மேலே பஞ்சு படிந்திருந்த துணியை உரித்தான்.

"தூசி உள்ள போகக் கூடாதுன்னு நாந்தான் ஒட்டி வச்சேன்."

அன்று சாயங்காலம் சாம்பிள் பார்க்க எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் வருகிறார். சாம்பிள் இல்லையென்றால் ஆர்டர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். டிசைனோ உள்ளே, வெளியே வர ஒரு சந்து இல்லை. பழையதையும் அழித்துவிட்டதால், எடுத்ததைத் திரும்பச் சேர்த்து கெர்னலை முதலிலிருந்து உருவாக்க ஆரம்பித்தேன். பாதியில் கம்பெனிக்காரர் வந்துவிட்டார். திரையில் வரிவரியாக ஓடுவதைப் பார்த்து என்ன இது என்றார்.

"டிசைன் வெந்துட்டு இருக்குதுங்க. அவசரப்பட்டா பூ கோணிக்குமுங்க," என்றார் அக்கா, கண் சிமிட்டாமல்.

கம்பெனிக்காரர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ரெண்டு டீ, ஒரு தட்டு முறுக்கு. கெர்னல் முடிந்து, இருட்டியபிறகு மிஷினிலிருந்து சூடாக வந்த சாம்பிளை வாங்கிக்கொண்டு, இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேறெங்கும் பார்த்ததில்லை என்று ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார். அது சத்தியமான வார்த்தை.

சில வருஷங்களில் அந்தக் கம்பெனியே சொந்தமாக மிஷின் வாங்கிக்கொண்டது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது அவர்கள் வண்டிகள் நிற்கின்றன. அவசரம் என்று மெயிலிலேயே மிரட்டுகிற ஆட்களுக்குத்தான் இப்போது வேலை செய்கிறேன். அக்கா பேச்சை நம்பி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்புறம், அப்படி உட்கார இப்போது யாருமில்லையே என்று தோன்றுகிறது.